துணியில் கத்தரி வைக்கும் முன்: முதல் ரவிக்கை தைக்கப் போகிறவர்களுக்கு

மீனாட்சி அம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நிற்கும் புதுமண்டபத்தை வசந்த விழா நடத்துவதற்காகத் திருமலை நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் கட்டினார். நான் வளர்ந்த காலத்தில் அது எங்களுக்குத் தையற்காரர்களின் மண்டபம். சிற்பத் தூண்களின் அடியில் வரிசையாக மிதி இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். நூலும் கொக்கியும் லைனிங் துணியும் கைக்கெட்டும் தூரத்தில் விற்கும். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. என் தாய்மாமா அந்த மண்டபத்தில் ஒரு தூணுக்கு அருகில் இயந்திரம் போட்டிருந்தார். அவரிடம் தொழில் கற்க வந்தவர்களுக்கு அவர் விதித்த ஒரே கட்டளை, பதினைந்து நாள் கத்தரியைத் தொடக் கூடாது என்பதுதான். ஏன் என்று கேட்டதற்கு எனக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்: "தச்சதப் பிரிச்சுறலாம் தாயி, வெட்டுனத எப்படிப் பிரிப்ப?"

தையல் சொல்லித் தரும் இடத்தில் இப்போது நான் இருக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொண்டாலே தையல் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் ஒரு ரவிக்கையின் நன்மை தீமை முழுவதும் இயந்திரத்தில் உட்காரும் முன்பே முடிவாகிவிடுகிறது. நம் மொழியும் அதை அறிந்து வைத்திருக்கிறது. துணித்தல் என்றால் வெட்டுதல், துணிதல் என்றால் முடிவெடுத்தல், வெட்டியெடுத்த துண்டுதான் துணி. கத்தரியை மூடும் அந்த ஒரு நொடியில் மூன்றும் சேர்ந்தே நடக்கின்றன. ஆகவே இந்தக் கட்டுரை கத்தரி வைக்கும் நொடி வரையில் செய்ய வேண்டியவற்றை மட்டுமே சொல்கிறது. எடுத்துக்காட்டாகப் பருத்திச் சுங்குடித் துணியில், லைனிங் வைத்துத் தைக்கும் சாதாரண ரவிக்கையை எடுத்துக்கொள்கிறேன். திருவிழாவுக்கோ விசேஷத்துக்கோ தைப்பதாக இருந்தால், அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பத்து நாளாவது கையில் இருக்கும்படி தொடங்குங்கள்.

துணி வாங்கும்போதும் வாங்கிய அன்றும்

விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் ரவிக்கைத் துணி கேட்டால் பெரும்பாலும் 80 சென்டிமீட்டர் வெட்டித் தருவார்கள். பழகிய கைக்கு அது போதும். முதன்முறை தைப்பவர்கள் 1 மீட்டர் வாங்குங்கள், லைனிங்கும் அதே அளவு வாங்குங்கள். அந்த 20 சென்டிமீட்டர் கூடுதல் துணி, வெட்டும்போது உங்கள் கை நடுங்காமல் இருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. நூலை வாங்கும்போது துணியைக் கையில் கொண்டுபோய், நூற்கண்டைத் துணியின் மேல் வைத்துப் பார்க்காமல், ஓர் இழையை மட்டும் உருவித் துணியின் மேல் நீட்டி, கடை வாசலின் வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். கண்டாக இருக்கும்போது அடர்ந்து தெரியும் நிறம் ஒற்றை இழையாகும்போது வெளுத்துத் தெரியும். இரண்டு நிறங்களுக்கு நடுவே தடுமாறினால் சற்றே அடர்ந்ததை எடுங்கள். தைத்தபின் அதுதான் துணிக்குள் மறையும்.

வீட்டுக்கு வந்ததும் துணியின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து ஒரு தாளில் எழுதிவிட்டு, தண்ணீரில் ஊறப் போடுங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். கடையிலிருந்து வரும் பருத்தித் துணி கஞ்சியின் பலத்தில் விறைப்பாக நிற்கிறது. முதல் துவைப்பில் கஞ்சி கழிந்து, நூல் தன் இயல்புக்குத் திரும்பும்போது துணி சுருங்குகிறது. நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்குவது வழக்கமே. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். 36 அங்குல மார்புச் சுற்றில் நூற்றுக்கு நான்கு என்பது ஏறக்குறைய 1½ அங்குலம்; கொக்கி மாட்டுவதற்கும் மாட்டாமல் போவதற்கும் உள்ள தூரம் அதுதான்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்ட அவசரத்தில், துணியை நனைக்காமலே அழகாக ஒரு ரவிக்கை தைத்தாள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று அதைப் போட்டுக்கொண்டு வந்தபோது, அளவில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அன்று இரவே துவைத்துக் காயப் போட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று, வைகைக் கரைக் கூட்டத்தில் அதே ரவிக்கையைப் பார்த்தேன். போட்டிருந்தது அவளுடைய தங்கை. "அக்கா, எனக்குன்னு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குல்ல?" என்று அந்தச் சின்னப் பெண் கேட்டபோது பெரியவள் பக்கத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

லைனிங் துணியையும் ஊற வைக்க வேண்டும், ஆனால் தனிப் பாத்திரத்தில். மேல்துணியும் லைனிங்கும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நனைக்காமல் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிட்டால், துவைத்தபின் ஒன்று இழுத்துப் பிடிக்க மற்றொன்று கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கும். அதற்குப் பிறகு எந்த இஸ்திரியாலும் அதைச் சமன் செய்ய முடியாது.

சுங்குடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. சௌராஷ்டிர சமூகத்தினர் மதுரையில் வளர்த்த இந்தக் கலையில், துணியைச் சிறு சிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் ஏறாத இடம்தான் புள்ளியாகத் தெரிகிறது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கடைகளில் சுங்குடி என்று கேட்டால் மெழுகு அச்சும் திரை அச்சும் போட்ட துணிகளையும் எடுத்துப் போடுவார்கள். கையால் முடிச்சிட்ட உண்மையான சுங்குடியில் முடிச்சு அவிழ்ந்த இடங்கள் சற்றே மேடாக எழும்பி நிற்கும். அந்த மேடுகள் துணிக்குள் கொஞ்சம் நீளத்தை ஒளித்து வைத்திருப்பதால், நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடும் முன் எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது. சிவப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் மிகுதிச் சாயமும் கழியும். ஊறும் தண்ணீரில் கல் உப்பு ஒரு கைப்பிடி போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆனால் மிகுதிச் சாயம் கழிய நல்ல தண்ணீரும் பொறுமையுமே போதும். தண்ணீர் தெளியும் வரை மாற்றி மாற்றி அலசுங்கள். வெள்ளைத் துணி எதுவும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பது நிழலில். மதுரைச் சித்திரை வெயில் ஒரு பகலில் நிறத்தைத் தின்றுவிடும். முழுக்கக் காயும் முன், கையில் ஈரம் லேசாக உணரும் பக்குவத்தில் எடுத்து, துணியின் கரைக்கு இணையாக இஸ்திரி போடுங்கள். மூலைக்கு மூலை இழுத்துப் போட்டால் துணி கோணிக்கொள்ளும். பிறகு மறுபடி அளந்து, முதல் நாள் எழுதிய தாளோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு குறைந்தது என்று கண்ணால் கண்டவர்கள் வாழ்நாளில் நனைக்காமல் வெட்ட மாட்டார்கள்.

அளவு எடுக்கும் நாள்

முதலில் டேப்பை அளவெடுங்கள். பல ஆண்டுகள் பயன்பட்ட டேப் இழுபட்டு நீண்டிருக்கும். ஓர் இரும்பு ஸ்கேலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 12 அங்குலத்தில் ஒரு நூலளவு வேறுபாடு தெரிந்தாலும் புதிது வாங்குங்கள்.

நம் ஊரில் அளவு கொடுப்பது என்றால் அளவு ஜாக்கெட் கொடுப்பதுதான். அது நல்ல வழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. எங்கள் தெருவில் ஓர் அம்மாள் அளவு ஜாக்கெட் கொடுத்து, "இதே மாதிரி தச்சிரும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாகப் பழகிய ஒரு பெண் மிகுந்த கவனத்தோடு இம்மியும் பிசகாமல் தைத்துக் கொடுத்தாள். போட்டுப் பார்த்த அம்மாள், "கையே தூக்க முடியலையே" என்றார். "உங்க அளவு ஜாக்கெட்டுலயும் இப்படித்தான் இருக்கு பெரியம்மா" என்று இவள் காட்டினாள். அந்த அம்மாள் சற்றும் தயங்காமல், "ஆமா, அதுல தூக்க முடியலன்னுதான புதுசு தைக்கக் குடுத்தேன்?" என்றார். அன்று முதல் என் வகுப்பில் அளவு ஜாக்கெட் வாங்கும்போது மூன்று கேள்விகள் கட்டாயம்: இது எங்கே இறுக்குகிறது, எங்கே தளர்கிறது, இதில் எதை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் பதிலை அவர்கள் முன்னிலையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு உடம்பிலும் அளவெடுங்கள். நிற்பவர் கைகளைத் தொங்கவிட்டு இயல்பாக நிற்க வேண்டும். அளவெடுக்கிறார்கள் என்றதும் எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்து நிமிர்ந்துகொள்வார்கள், ஆகவே ஏதாவது பேச்சுக் கொடுத்தபடியே எடுங்கள். மார்புச் சுற்றில் டேப்புக்குள் இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். உயரம், தோள் அகலம், மேல்மார்பு, மார்பு, இடுப்பு, கை நீளம், கைச் சுற்று, கைக்குழி, முன்கழுத்து இறக்கம், பின்கழுத்து இறக்கம், தோளிலிருந்து டக் (மார்பு வளைவுக்காகப் பிடிக்கும் கூம்பு மடிப்பு) முனை வரையிலான தூரம் ஆகிய எல்லாவற்றையும் இதே வரிசையில், எப்போதும் இதே வரிசையில், குறிப்பேட்டில் தேதியோடு எழுதுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் எது விடுபட்டது என்று கண்ணுக்கே தெரியும். உடம்பு அளவும் அளவு ஜாக்கெட்டும் ஒன்றுக்கொன்று ஓர் அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால், ஏன் என்று புரியும் வரை மேலே போகாதீர்கள்.

தாளில் ஒரு ரவிக்கை, வேட்டியில் ஒரு ரவிக்கை

இப்போது பழைய செய்தித்தாளை விரியுங்கள். துணியில் போட வேண்டிய கோடுகள் அனைத்தையும் முதலில் தாளில் போட வேண்டும். கணக்கு எளிது. மார்பு 36 அங்குலம் என்றால் அதில் நாலில் ஒன்று 9, தளர்வுக்கு ½, தையலுக்கும் பின்னால் பிரித்துப் பெரிதாக்குவதற்கும் சேர்த்து உள்ளே விடும் துணி 1½, ஆக 11 அங்குலம். உள்ளே விடும் அந்தத் துணியில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து உடம்பு பூசினால், ஒரு தையலைப் பிரித்து ரவிக்கைக்கு மறுவாழ்வு கொடுப்பது அந்த ஒன்றரை அங்குலம்தான். முன்பாகத்தில் கொக்கிப் பட்டிக்கு உரியதைத் தனியாகச் சேர்க்க மறக்காதீர்கள்.

தாளில் வெட்டிய பாகங்களை அளவு ஜாக்கெட்டின் மேல் வைத்துப் பாருங்கள். தோள் தோளோடும் கைக்குழி கைக்குழியோடும் பொருந்தி, நாலு புறமும் நீங்கள் விட்ட உள்துணி மட்டும் வெளியே தெரிந்தால் கணக்கு சரி. கழுத்து இறக்கத்தைத் தாளில் சற்றுக் குறைவாகவே வெட்டி வையுங்கள். கழுத்தைப் பிறகு இறக்கிக்கொள்ளலாம். இறக்கிவிட்ட கழுத்தை ஏற்றுவதற்கு வழியில்லை.

அடுத்தது பழைய வேட்டி. தாள் வளையாது, உடம்பில் படியாது. ஆகவே பருத்தி வேட்டியில் ஒருமுறை வெட்டி, கையாலேயே ஓட்டுத்தையல் போட்டு, போட்டுப் பார்க்க வேண்டும். நெளிவு சுளிவுகள் அத்தனையும் அங்கே தெரிந்துவிடும்: கைக்குழி அக்குளில் அறுக்கிறதா, டக் முனை மேலே ஏறியிருக்கிறதா, முதுகில் மடிப்பு விழுகிறதா என்று பார்த்து, திருத்தத்தை உடனே தாளுக்கு மாற்றுங்கள். வேட்டியில் திருத்திவிட்டுத் தாளில் திருத்த மறப்பவர்கள் ஏராளம். மறந்தால் அதே பிழை சுங்குடியில் போய் உட்காரும். இன்னொன்று, பழைய வேட்டி என்றால் பழையதுதானா என்று வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். ஒரு பெண் கொண்டுவந்த வேட்டியின் கரையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்து, வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். மறுநாள் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக அவளுடைய அப்பா அதைப் பீரோ முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்.

துணியின் மேல் பாகங்களைப் பரப்புதல்

நான் வகுப்பில் அதிக நேரம் செலவிடுவது இந்த இடத்தில்தான்.

முதலில் துணியின் ஓரத்தை நேராக்குங்கள். கடையில் வெட்டிய ஓரம் பெரும்பாலும் கோணலாகவே இருக்கும். ஓரத்தில் ஓர் ஊடை நூலை, அதாவது அகலவாட்டில் ஓடும் நூலை, பிடித்து மெல்ல உருவினால், அது போன வழியில் ஒரு மெல்லிய கோடு தெரியும்; அந்தக் கோட்டில் வெட்டியதே உண்மையான நேர் ஓரம். ரவிக்கையின் முன்பாகமும் பின்பாகமும் கையும் பாவு நூலின் வழியில், அதாவது கரைக்கு இணையாக, நிற்க வேண்டும். பாவு அதிகம் இழுபடாது, அதனால் உடுத்த உடுத்த ரவிக்கை தொங்காது. மூலைவாட்டில் வெட்ட வேண்டியது கழுத்துக்கு வைக்கும் கிராஸ் பட்டி மட்டுமே. வளைவில் வளைந்து கொடுக்க அந்த இழுபடும் தன்மை அதற்கு வேண்டும்.

அடுத்து, எல்லாப் பாகங்களையும் பரப்புங்கள். எல்லாம் என்றால் பட்டிகள் உட்பட ஒன்றுவிடாமல். முன்பாகத்தையும் பின்பாகத்தையும் வெட்டிவிட்டு, மீதியில் கை வந்துவிடும் என்று நம்பி இறங்கியவர்களின் கைகள் முழங்கைக்குப் போக வேண்டியது பாதியில் நின்றிருக்கின்றன. பெரிய பாகங்களை முதலில், பிறகு கை, இடுக்குகளில் பட்டி என்று தாள்களை நகர்த்தி நகர்த்தி வைத்து, இடம் அமைந்ததும் குண்டூசி குத்துங்கள். கரை வைத்த துணியானால் கையின் விளிம்பு கரையில் வர வேண்டும் என்பதால், அப்போது மட்டும் கையை முதலில் வையுங்கள். பாவு வழி என்ற விதியையும் கைக்கு மட்டும் கரைக்காகத் தளர்த்திக்கொள்ளலாம்.

கையை எப்போதும் இரட்டையாக மடித்த துணியில், நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்திருக்கும்படி வைத்து வெட்டுங்கள். கையின் முன்வளைவு ஆழமாகவும் பின்வளைவு மேடாகவும் இருப்பதால், ஒற்றைத் துணியில் ஒரே தாளை ஒரே முகமாக இரண்டு முறை வைத்து வெட்டினால் இரண்டும் இடக்கையாகவே வந்து சேரும். அப்படி வெட்டிய ஒரு மாணவி, அதைப் பாட்டியிடம் காட்டியிருக்கிறாள். பாட்டி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இதே துணியில ரெண்டு சோத்தாங்கை வெட்டிட்டு வா, உனக்கும் உன் தங்கச்சிக்கும் ஆளுக்கொண்ணு ஆச்சு" என்றாராம். அந்தப் பெண் இன்று தனியாகக் கடை நடத்துகிறாள். கையை வெட்டும் முன் இப்போதும் மடிப்பை இருமுறை தொட்டுப் பார்க்கிறாள்.

துணியில் மேல், கீழ் என்று திசை உண்டா என்று பாருங்கள். சுங்குடிப் புள்ளிக்குப் பெரும்பாலும் திசையில்லை. அதனால்தான் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். மயிலும் யானையும் கோபுரமும் அச்சிட்ட துணியில், தலைகீழாக வைத்து வெட்டிவிட்டால் ரவிக்கை முழுக்க மயில்கள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். துணியைச் சுவரில் ஊசி குத்தித் தொங்கவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால், மடியில் வைத்துப் பார்க்கையில் தெரியாத திசை தெரிந்துவிடும்.

சாக்குக் கட்டியால் கோடு போடுவது துணியின் உள்பக்கத்தில். வெட்டும் கோட்டையும் தைக்கும் கோட்டையும் இரண்டாகக் காட்டுங்கள். ஒரே கோடாகப் போட்டுவிட்டு, பிறகு இது வெட்டவா தைக்கவா என்று யோசிப்பது பல ரவிக்கைகளைக் கெடுத்திருக்கிறது.

இயந்திரமும் கத்தரியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். மிதி இயந்திரத்துக்குப் புதியவர்கள், நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஊசி போகும் வரை மிதித்துப் பழகுங்கள். தொடக்கத்தில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றத்தான் செய்யும், இரண்டு நாளில் கால் பழகிவிடும். எண்ணெய் விடுவதைத் தைப்பதற்கு முந்தின நாள் இரவே முடித்து, காலையில் கழிவுத் துணியில் சிறிது நேரம் ஓட்டி, எண்ணெய் கசியவில்லை என்று உறுதி செய்யுங்கள். பருத்திக்கு 14 எண் ஊசி ஏற்றது. பழைய ஊசியைக் கழற்றும் முன் அதன் தட்டையான பக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துவைத்துப் புதியதை அப்படியே மாட்டுங்கள். அடிநூலுக்கான சிறு உருளையான பாபினில் நூல் நிறையச் சுற்றிக்கொள்ளுங்கள். மேல்துணியும் லைனிங்கும் சேர்ந்த ஒரு துண்டில் தைத்துப் பாருங்கள். அடியில் நூல் வளையம் வளையமாகக் கிடந்தால் மேல்நூல் தளர்ந்திருக்கிறது அல்லது கோத்தது தவறு, ஆகவே முதலில் முழுவதையும் அவிழ்த்து மறுபடி கோத்துப் பாருங்கள்.

துணி வெட்டும் கத்தரியால் தாளை வெட்டக் கூடாது, முனை மழுங்கிவிடும். தெருவில் சாணை பிடிப்பவர் வரும்போது கொடுத்து வாங்கி, ஈரத் துணித் துண்டு ஒன்றை முனையால் வெட்டிப் பாருங்கள். மெல்லாமல் வெட்டினால் அது தயார்.

வெட்டும் காலை

விளக்கு வெளிச்சத்தில் வெட்டாதீர்கள், அடர்ந்த நிறத்தில் சாக்குக் கோடு மறைந்துவிடும். காலை வேளையில், வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின், தரையைத் துடைத்துக் காயவிட்டு, துணியை முழுவதுமாக விரியுங்கள். குறிப்பேட்டைத் திறந்து, அளவுகளை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொன்றையும் துணியில் போட்ட கோட்டோடு டேப் வைத்து ஒத்துப் பாருங்கள். மாமா இதைச் செய்யும்போது பக்கத்து இயந்திரக்காரரை அழைத்துத் தப்பிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். அவ்வளவு அனுபவம் இருந்தும் கடைசி வரை அப்படித்தான் செய்தார். உங்கள் வீட்டிலும் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். தையல் தெரியாதவராக இருந்தாலும், "இந்தக் கை ஏன் இந்தப் பக்கம் பாக்குது?" என்று அவர் கேட்கும் ஒரு கேள்வி போதும்.

பிறகு பின்பாகத்தில் தொடங்குங்கள், அதுதான் எல்லாவற்றிலும் எளிது. கத்தரியின் கீழ்த் தகடு தரையை விட்டு எழாமல், துணியைத் தூக்காமல், இடக்கையால் கோட்டுக்கு அருகே அழுத்திப் பிடித்து, நீண்ட வெட்டுகளாக வெட்டுங்கள். வளைவுகளில் மட்டும் சிறு வெட்டு. திரும்ப வேண்டிய இடத்தில் துணியைத் திருப்பாமல் நீங்கள் எழுந்து சுற்றி வாருங்கள். வெட்டிய ஒவ்வொரு பாகத்தின் உள்பக்கத்திலும் சாக்கால் முன், பின், இடது, வலது என்று எழுதி, அதனதன் லைனிங்கோடு சேர்த்துக் குண்டூசி குத்தி, ஒன்றாகச் சுருட்டிப் பழைய துண்டில் கட்டி வையுங்கள். தையல் நாளைக் காலையில்.